எண்ணிக்கை மாறட்டும், எல்லைக்கோடு நிற்கட்டும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஏப்ரல் மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை மாலை, மீனுக்காகவும் மானுக்காகவும் ஊர்க்கூட்டம் கூடுகிறது. 72 மாவட்டங்களிலும் ஒரே நாளில் நடக்கும் கூட்டம் இது. வருகிறவர்களில் பெரும்பாலோர் தூண்டில்காரர்கள், வேட்டைக்காரர்கள், ஏரிக்கரையில் வீடு வைத்திருப்பவர்கள். கேள்விகள் முன்கூட்டியே தயாராகியிருக்கும். இன்ன ஏரியில் ஒருவர் ஒரு நாளில் எடுத்துச் செல்லும் மீன்களைக் குறைக்கலாமா? இன்ன ஆற்றில் பருவத்தைத் தள்ளித் தொடங்கலாமா? இன்ன அணைக்குக் கீழே மீன்பிடிக்கத் தடையுள்ள பகுதியின் எல்லையை மாற்றலாமா? 'ஆம்', 'இல்லை' என்று வாக்களிக்க வேண்டும். இப்போது இணையவழியிலும் வாக்களிக்கலாம்.

இதை நடத்தும் கன்சர்வேஷன் காங்கிரஸ் 1934-ல் தொடங்கியது. 1970-களின் தொடக்கத்தில் சட்ட அங்கீகாரம் பெற்றது. மாவட்டத்துக்கு ஐந்து பேர் வீதம் 360 பிரதிநிதிகள் அதில் இருக்கிறார்கள். கூட்டத்தின் வாக்கு அரசைக் கட்டுப்படுத்தாது. விதிகளை முடிவு செய்வது ஆளுநர் நியமிக்கும் ஏழு பேர் கொண்ட இயற்கை வள வாரியம். ஆனால் ஒரு மாநிலமே ஒரு மாலையில் கை தூக்கிச் சொன்னதை வாரியம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 15,000-க்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ள மாநிலம் அது. ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமான மீன்பிடி உரிமங்கள் விற்பனையாகின்றன. அங்கே மீன்பிடி விதி என்பது வீட்டுக்கு வீடு பேசப்படும் விஷயம்.

நாம் இங்கே பேசுவது விற்பனைக்காக வலை வீசும் தொழிலைப் பற்றியல்ல. தூண்டிலோடு போய், பிடித்ததைச் சமைத்துச் சாப்பிடுகிற, அல்லது பிடித்துத் திரும்ப நீரிலேயே விட்டுவிடுகிற பொழுதுபோக்கு மீன்பிடி இது. தனித்தனியாகப் பார்த்தால் ஒருவர் எடுப்பது நாலைந்து மீன்தான். லட்சக்கணக்கானவர்கள் ஆளுக்கு நாலைந்து எடுத்தால் ஏரி தாங்காது. அதனால்தான் எத்தனை மீன், எவ்வளவு நீளம், எந்த மாதம் என்ற மூன்று கட்டுப்பாடுகளும் வந்தன. இம்மூன்றும் போதாத இடத்தில் நான்காவதாக வருவது புகலிடம். அதாவது, குறிப்பிட்ட ஒரு நீர்ப்பரப்பில் யாரும் மீன் பிடிக்கக் கூடாது.

நீளக் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்வோம். வாலாய் என்பது அந்த ஊர்க்காரர்கள் விரும்பிச் சாப்பிடும் மீன். 15 அங்குலத்துக்குக் குறைந்ததை எடுக்கக் கூடாது என்பது பொதுவான விதி. காரணம் எளிது, குஞ்சு வளரட்டும் என்பதுதான். ஆனால் மாநிலத்தின் வடக்குப் பகுதியில் பல ஏரிகளில் 20 முதல் 24 அங்குலம் வரையிலான மீனையும் விட்டுவிட வேண்டும். 24-ஐத் தாண்டியது கிடைத்தால் ஒன்றே ஒன்றை எடுக்கலாம். நடுவில் இப்படி ஓர் இடைவெளி எதற்கு என்று முதல்முறை படிப்பவர்கள் குழம்புவார்கள். அந்த நீளத்தில் இருப்பவை பெரும்பாலும் பெண் மீன்கள். உடல் பெரிதாகப் பெரிதாக முட்டையும் பெருகும். ஏரியின் அடுத்த தலைமுறையைச் சுமப்பவை அவைதான்.

வடக்குப் பகுதிக்கு மட்டும் தனி விதி இருப்பதற்குப் பின்னால் நீண்ட வழக்கு ஒன்று இருக்கிறது. 1837, 1842 ஆகிய ஆண்டுகளில் ஓஜிப்வே பழங்குடிகள் அமெரிக்க அரசோடு செய்த ஒப்பந்தங்களில் நிலத்தை விட்டுக்கொடுத்தார்கள். அந்த நிலத்தில் வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் உள்ள உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. நூற்றாண்டுக்கும் மேலாக மாநில அரசு இதைக் கண்டுகொள்ளவில்லை. 1974-ல் லாக் கூர்ட் ஒரேய் பழங்குடியைச் சேர்ந்த இரு சகோதரர்கள், உறைந்த சீஃப் ஏரியில், பழங்குடி ஒதுக்கீட்டு எல்லைக்கு வெளியே பனிக்கட்டியைத் துளைத்து ஈட்டியால் மீன் குத்தினார்கள். தெரிந்தே அந்தக் கோட்டைத் தாண்டினார்கள். கைதானார்கள். அந்த வழக்கு 1983-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் பழங்குடிகளுக்குச் சாதகமாக முடிந்தது. அதன்பின் சில ஆண்டுகள் படகுத்துறைகளில் கல்லெறியும் வசைச்சொல்லும் பறந்தன. பழங்குடிகள் குத்தினால் ஏரி காலியாகிவிடும் என்று எதிர்ப்பாளர்கள் கூச்சலிட்டார்கள்.

உண்மையில் அந்த ஈட்டி மீன்பிடியைப் போல எண்ணிக்கைக்கு உட்பட்டது எதுவும் இல்லை. இரவுதோறும் ஏரிவாரியாக அனுமதிச்சீட்டு. கரைக்கு வரும் மீன்கள் படகுத்துறையிலேயே எண்ணப்படுகின்றன, நீளம் அளக்கப்படுகிறது, ஆணா பெண்ணா என்று குறிக்கப்படுகிறது. ஓர் ஏரியின் வளர்ந்த வாலாய்களில் 35 சதவீதத்துக்கு மேல் ஓராண்டில் யார் எடுத்தாலும் ஆபத்து என்பது இரு தரப்புக்கும் பொதுவான அளவுகோல். பழங்குடிகள் எடுக்கவிருக்கும் அளவை அறிவித்ததும், அதற்கேற்ப ஏரிக்கு ஏரி தூண்டில்காரர்களின் அளவை ஆண்டுதோறும் மாற்றி அறிவித்துவந்தார்கள். ஓர் ஏரியில் மூன்று, பக்கத்து ஏரியில் இரண்டு என்று குழப்பம் நீடித்தது. 2015 முதல் வடக்குப் பகுதி முழுவதற்கும் மூன்று என்று சீராக்கினார்கள். விதி எளிதானது. ஆனால் ஒவ்வோர் ஏரிக்கும் பார்த்துப் பார்த்து வைத்த நுட்பம் கொஞ்சம் போனது. விதிகளைப் புதுப்பிக்கும்போதெல்லாம் இந்த இழுபறி வரும். ஏரிக்கு ஏற்ற விதி மீனுக்கு நல்லது. ஆனால் படித்தால் புரிகிற விதியைத்தான் மனிதர்கள் கடைப்பிடிப்பார்கள்.

புதுப்பிக்க எவ்வளவு காலமாகிறது என்பது இன்னொரு சிக்கல். எதை மாற்றப்போகிறோம் என்ற முன்னறிக்கைக்கு ஆளுநரின் ஒப்புதல் வேண்டும். பொருளாதாரத் தாக்க ஆய்வு, மக்கள் கருத்துக்கேட்பு, வாரியத்தின் வாக்கு, மீண்டும் ஆளுநர், பிறகு சட்டமன்றக் குழுக்கள். இதற்கெல்லாம் சட்டம் தரும் கெடு 30 மாதங்கள். அதற்குள் முடியாவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவசர விதி என்று ஒன்று உண்டு. அது 150 நாள் நிற்கும், நீட்டித்தால் கூடுதலாக 120 நாள். 2010-களின் நடுவில் சுப்பீரியர் ஏரியின் அப்போஸல் தீவுப் பகுதியில் லேக் ட்ரவுட் மீன் குறைந்துவருவதைக் கணக்கெடுப்புகள் காட்டியபோது, அவசர விதியைக் கொண்டுதான் பிடிப்பைக் கட்டுப்படுத்தினார்கள். மீன் சரியத் தொடங்கி 30 மாதம் காத்திருக்க முடியாதல்லவா.

இதற்கு மாற்று அதே மாநிலத்தில் இருக்கிறது. வின்னபேகோ ஏரியில் பிப்ரவரி மாதம் பனிக்கட்டியை அறுத்து, மேலே சிறு குடிலைப் போட்டு, இருட்டில் உட்கார்ந்து ஸ்டர்ஜன் மீனை ஈட்டியால் குத்துகிறார்கள். நூறு கிலோவை நெருங்கும் மீனும் அங்கே கிடைத்ததுண்டு. 2010-ல் பிடிபட்டதன் எடை 212.2 பவுண்டு, சுமார் 96 கிலோ. பெண் ஸ்டர்ஜன் முதல்முறை முட்டையிடவே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஒரு பருவத்தில் அளவு மீறினாலும் அந்த இழப்பை ஈடுகட்ட ஒரு தலைமுறை வேண்டும். அதனால் பெண் மீனுக்கு இவ்வளவு, ஆண் மீனுக்கு இவ்வளவு என்று உச்ச அளவை முன்கூட்டியே வகுத்துவிடுகிறார்கள். குத்திய மீனை அன்று பிற்பகல் இரண்டு மணிக்குள் பதிவு நிலையத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஏதாவது ஒரு வகையில் 90 சதவீதம் எட்டினால் மறுநாளோடு பருவம் முடியும். முழு அளவும் எட்டிவிட்டால் அன்றோடு சரி. யாரும் கூட்டம் போட வேண்டாம், வாக்கெடுக்க வேண்டாம், எண்ணிக்கையே விதியை மாற்றிவிடும். பிடிக்கும் அளவைப் பற்றிய விதிகளெல்லாம் இப்படி எழுதப்பட வேண்டும் என்றே நினைக்கிறேன். எல்லா ஏரிக்கும் பதிவு நிலையம் வைக்க அரசிடம் ஆளும் பணமும் இல்லை என்பது தெரியும். குறைந்தது, நலிந்த மீன் இருக்கும் ஏரிகளிலாவது வைக்கலாம்.

புகலிடத்தின் கதை வேறு. அங்கே நேர்மாறான குணம், எளிதில் நகராமல் நிற்பது, தேவைப்படுகிறது.

விஸ்கான்சினின் மீன் புகலிடங்களுக்கென்றே விதித் தொகுப்பில் தனி அத்தியாயம் உண்டு. அவற்றில் பல, அணைகளுக்குக் கீழே உள்ள சிறு சிறு நீர்த்துண்டுகள். வசந்த காலத்தில் முட்டையிட ஆற்றில் ஏறி வரும் வாலாயும் ஸ்டர்ஜனும் அணை மறித்ததும் அங்கேயே குவிந்து நிற்கும். வாளியைப் போட்டு அள்ளலாம் போலிருக்கும். அந்தச் சில வாரங்களுக்குத் தூண்டில் கூடாது என்பதுதான் இந்தப் புகலிடங்களின் நோக்கம். எல்லையை எழுதும் முறையில்தான் வம்பு வருகிறது. அணையிலிருந்து இன்ன பாலம்வரை என்று எழுதினால், பாலத்தை இடித்துத் தள்ளிக் கட்டிய பிறகு கோடு எங்கே இருக்கிறது? அணையையே எடுத்துவிட்டால்? பரபூ ஆற்றில் இருந்த அணைகளை 1990-களின் இறுதியில் தொடங்கி 2001-க்குள் அகற்றிவிட்டார்கள். தடை நீங்கினால் மீன் அதே இடத்தில் குவியாது, மேலே போய்விடும். மீன் இல்லாத இடத்தில் காப்பும், மீன் குவியும் புது இடத்தில் வெறுமையும் என்று ஆகாமலிருக்கத்தான் இத்தகைய எல்லைகளை அவ்வப்போது திருத்துகிறார்கள். வனக்காவலருக்கும் தூண்டில்காரருக்கும் தகராறு வராமலிருக்க, கரையில் நின்று பார்த்தாலே தெரிகிற பலகையும் வேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் சட்டத்துக்குப் போதும், கரையில் நிற்பவருக்குப் போதாது.

ஆனால் சுப்பீரியர் ஏரியில் உள்ள கல்ல் ஐலண்ட் ஷோல், டெவில்ஸ் ஐலண்ட் ஷோல் ஆகிய இரண்டு புகலிடங்களும் வேறு வகை. இவை ஏரிக்குள், தீவுகளை ஒட்டிக் கிடக்கும் பாறைத் திட்டுகள். லேக் ட்ரவுட் கூடு கட்டுவதில்லை. இலையுதிர் காலத்தில், இருட்டிய பிறகு திட்டுக்கு மேலே வந்து முட்டையை உதிர்த்துவிட்டுப் போகும். முட்டை கற்களின் இடுக்கில் விழுந்து, பனிக்காலம் முழுக்க அங்கேயே கிடந்து, வசந்தத்தில் பொரிக்கும். ஏழெட்டு ஆண்டு கழித்துப் பெரிதானதும் பெரும்பாலும் அதே திட்டைத் தேடி வரும். திட்டு காலியானால் வேறொரு திட்டிலிருந்து மீன் குடியேறிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

1938-ல் கடல் லாம்ப்ரே சுப்பீரியர் ஏரிக்குள் வந்தது. கப்பல் கால்வாய் திறந்துவிட்ட வழியாக மேலேறி வந்த, மீனின் உடலில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் பிராணி அது. ஒரு லாம்ப்ரே தன் வாழ்நாளில் 18 கிலோ மீனைக் கொல்லும் என்பார்கள். வலைகளும் குறையாமல் வீசப்பட்டன. 1950-களில் லேக் ட்ரவுட் தொழில் நொறுங்கியது. ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களைச் சோதித்து, லாம்ப்ரேயின் இளவுயிரிகளை ஓடைகளிலேயே கொல்லும் ஒன்றைக் கண்டுபிடித்து, 1958-லிருந்து பயன்படுத்தத் தொடங்கினார்கள். 1962-ல் தொழில்முறைப் பிடிப்பு மூடப்பட்டது. அந்த அழிவிலும் காட்டு மீன் எஞ்சியிருந்த மிகச் சில இடங்களில் ஒன்று கல்ல் ஐலண்ட் திட்டு. 1976-ல் அதைச் சுற்றிப் புகலிடக் கோடு வரைந்தார்கள். 1981-ல் டெவில்ஸ் ஐலண்டுக்கும் வரைந்தார்கள்.

டெவில்ஸ் ஐலண்ட் திட்டில் காட்டு மீன் அழிந்துபோயிருந்தது. அங்கே செய்த வேலை வியப்பானது. விளையாட்டு மைதானத்தில் போடுகிற செயற்கைப் புல்விரிப்பை வெட்டி அடுக்கி, இடையிடையே கருவுற்ற முட்டைகளைப் பரப்பி, கட்டாகக் கட்டி இலையுதிர் காலத்தில் திட்டின்மேல் இறக்கினார்கள். புல்லின் இழைகளுக்கிடையே முட்டை நசுங்காமல், அடித்துப்போகாமல் கிடந்தது. வசந்தத்தில் பொரித்த குஞ்சு தானே வெளியேறியது. 1980 முதல் 1995 வரை இதைச் செய்தார்கள். அப்படிப் பிறந்த மீன்கள் வளர்ந்து, முட்டையிட அதே திட்டுக்குத் திரும்பி வந்தன. 1990-களின் நடுவில் ஏரியின் பெரும்பகுதியில் பண்ணைக் குஞ்சு விடுவதையே நிறுத்துமளவுக்குக் காட்டு மீன் பெருகியது. ஐந்து பெரும் ஏரிகளில் லேக் ட்ரவுட் இவ்வளவு முழுமையாக மீண்டது சுப்பீரியரில்தான். லாம்ப்ரே ஒழிப்பும் பிடிப்புக் கட்டுப்பாடும் சேர்ந்து சாதித்தது அது. ஆனால் அந்த இரண்டு திட்டுகளிலும் ஆண்டுக்கணக்கில் யாரும் கோட்டை நகர்த்தாமல் இருந்ததற்கு அதில் பெரும் பங்கு உண்டு.

இப்போது மீன் இருக்கிறது. அதனாலேயே கோட்டின்மீது கண் விழுகிறது. லேக் ட்ரவுட் மட்டுமல்ல, நல்ல விலை போகும் வெள்ளைமீனும் அந்தப் பகுதியில் உண்டு. 1972-ல் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம், 1854 ஒப்பந்தத்தின்படி ரெட் கிளிஃப், பேட் ரிவர் பழங்குடிகளுக்குச் சுப்பீரியர் ஏரியில் மீன்பிடி உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. அதனால் புகலிடம், ஒதுக்கீடு, வலை போடும் இடம் எல்லாவற்றையும் மாநிலமும் இரு பழங்குடிகளும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்கின்றன. நடப்பு ஒப்பந்தம் 2018 முதல் 2028 வரை. அடுத்த பேச்சில் தூண்டில்காரர்கள், வலைக்காரர்கள், ஆய்வாளர்கள் என்று எல்லாத் தரப்பும் கையில் வரைபடத்தோடு வருவார்கள்.

வெள்ளைமீனுக்கு வலை போட்டால் அதில் ட்ரவுட்டும் மாட்டும். செவுள் வலையில் மாட்டியதில் பல பிழைக்காது. எனவே கோட்டைச் சற்றே உள்ளே தள்ளுவோம் என்று யார் கேட்டாலும், அந்த இடத்தில் எந்த மாதத்தில் எந்த மீன் நிற்கிறது என்ற பல ஆண்டுக் கணக்கைக் கேட்க வேண்டும். ஓரிரு நல்ல ஆண்டுகளைக் காட்டுவது போதாது. இந்த வசந்தத்தில் கல்ல் ஐலண்ட் திட்டில் பொரித்த குஞ்சு முதல்முறை முட்டையிட வருவதற்குள் அடுத்த ஒப்பந்தம் பாதி வயதைத் தாண்டியிருக்கும். 2028-ல் எடுக்கும் முடிவு சரியா தவறா என்று அந்த மீன் திரும்பி வந்தால்தான் எண்ணிப் பார்க்க முடியும்.