பல்பம் தின்கிற பெண்ணை அதட்டாதீர்கள்!

பல்பத்தைக் கடிக்கிற பிள்ளையை, "இதென்ன கெட்ட பழக்கம்?" என்று அதட்டுகிறோமே... இரும்புச்சத்து குறைந்த உடம்புதான் பல பிள்ளைகளைப் பல்பம், பச்சரிசி, சாம்பல் என்று தேடவைக்கிறது, தெரியுமா? அடுத்த முறை திட்டுவதற்கு முன் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள். 12 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை.

வளர்ந்த ஓர் ஆளின் உடம்பு முழுக்கத் தேடினாலும் இருக்கிற இரும்பு 3, 4 கிராம்தான். ஒரு சின்ன ஆணிக்குத்தான் காணும்! அதை வைத்துக்கொண்டு நம் எலும்பு மஜ்ஜை வினாடிக்கு 20 லட்சம் சிவப்பணுக்களைச் செய்து தள்ளுகிறது! வயதுக்கு வந்த பெண்ணுக்கோ மாதாமாதம் ரத்தம் போகிறது, உடம்பும் அப்போதுதான் வளர்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15-19 வயது இந்தியப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல்!

இந்த ரத்தசோகை அவளோடு நிற்பதில்லை, அவள் பெறும் பிள்ளையையும் தொடும். இதைக் கேளுங்கள். பெண் குழந்தை தாய் வயிற்றில் இருக்கும்போதே அதன் கருமுட்டைகள் உருவாகிவிடுகின்றன. அப்படியென்றால், நீங்கள் உருவான அந்த முட்டை உங்கள் அம்மாவைப் பெற்ற பாட்டியின் வயிற்றுக்குள்ளும் இருந்திருக்கிறது! எனக்கு இன்னும் பிரமிப்பு அடங்கவில்லை.

கர்ப்பத்தில் 270 நாள், பிறந்த பின் 730 நாள்... கூட்டிப் பாருங்கள், சரியாக 1000! அந்த 1000 நாளில் விட்டுப்போன உயரத்தைப் பின்னால் பிடிப்பது கஷ்டம். அதே 2019-21 ஆய்வின்படி நம் நாட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. ரத்தசோகையோடு கருவுறும் பெண்ணுக்கு எடை குறைந்த பிள்ளை பிறக்கும் ஆபத்து அதிகம். அதனால்தான் சாப்பாட்டுப் பாடத்தை எட்டாம் வகுப்பிலேயே தொடங்கவேண்டும் என்கிறேன்.

மருந்து அடுக்களையிலேயே இருக்கிறது! தீட்டிய அரிசியைவிடக் கம்பில் இரும்பு ஏறத்தாழ 10 மடங்கு. கீரையில் எலுமிச்சை பிழிந்தால் அந்த இரும்பு உடம்பில் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதே இரும்பு வீணாகும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் என்ன?

பள்ளியில் வாரம் ஒன்று கொடுக்கிற நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அதைப் போட்டால் மலம் கறுப்பாகப் போகலாம். இதை யாரும் சொல்லாததால் பயந்துபோய் மாத்திரையைப் பையிலேயே வைத்துக்கொள்ளும் பெண்கள் உண்டு. பயப்பட ஒன்றுமில்லை, சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டலும் குறையும்.

வீட்டில் பத்து வயதைத் தாண்டிய மகள் இருக்கிறாளா? மாத்திரையை விழுங்குகிறாளா என்று இன்று மாலையே கேளுங்கள்.