தசை மருந்தும் தீரா நோயும்: உட்சேப ஸ்டீரோயிட்டுகளின் எதிர்பாரா விளைவுகள் பற்றிய ஒரு நோக்கு

'ஸ்டீரோயிட்டு' என்ற சொல் பொதுவழக்கில் இருவேறு மருந்தினங்களைச் சுட்டி நிற்கின்றது. ஆஸ்துமா, மூட்டுவாதம் முதலிய நோய்களுக்கு வைத்தியர் வழங்கும் கோட்டிசோன் இனம் ஒன்று. ஆண்மை ஓமோனாகிய தெஸ்தொஸ்தரோனையும், அதனைத் திரித்து ஆய்வுகூடங்களில் ஆக்கப்பட்ட சேர்வைகளையும் உள்ளடக்கிய உட்சேப ஸ்டீரோயிட்டுகள் மற்றையது. புரதத்தை உடலிற் சேர்த்துத் தசையைப் பெருக்குவதனால் இவை இப்பெயர் பெற்றன. 1988 ஆம் ஆண்டு சோல் ஒலிம்பிக்கில் நூறு மீற்றர் ஓட்டத்திற்கான தங்கப் பதக்கத்தைப் பென் ஜோன்சன் இழந்தபோது அவரது சிறுநீரிற் காணப்பட்ட ஸ்டனோசொலோல் இவ்வினத்தைச் சார்ந்ததே. அன்று தொட்டு இம்மருந்துகள் பெரும்பாலும் விளையாட்டு மோசடியோடு தொடர்புபடுத்தியே பேசப்பட்டு வருகின்றன. ஆனால் அதே ஸ்டனோசொலோல், பரம்பரை நோயொன்றினால் மூச்சடைத்து மாளக்கூடியவர்களுக்குக் காப்பாக வழங்கப்பட்ட மருந்துமாகும். தசையோடு தொடர்பற்ற நாட்பட்ட நோய்கள் இம்மருந்துகளால் மாறுதலடைந்தமை எவ்வாறு அறியப்பட்டது, அம்மாறுதல்களை எவ்வாறு விளங்கிக்கொள்ளலாம் என்பவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

தெஸ்தொஸ்தரோன் 1935 இல் அம்ஸ்ரடாமில் ஏர்ன்ஸ்ட் லாக்கரின் குழுவினரால் காளை விதைகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அதே ஆண்டில் புட்டெனான்ட், ருஷிச்கா ஆகியோர் அதனைச் செயற்கை முறையில் ஆக்கினர். ஆண்மைப்படுத்தும் செயலை நீக்கி, உட்சேபச் செயலை மட்டும் தாங்கிய சேர்வையொன்றைக் காண்பதே பின்வந்த இரசாயனவியலாளரின் கனவாயிருந்தது. அக்கனவு முற்றாக நிறைவேறவில்லை. இரு செயல்களுக்கும் கலத்தினுள் உள்ள வாங்கி ஒன்றே என்பது அதற்கு முதன்மையான காரணமாகும். அவ்வாங்கி தசையில் மட்டுமன்றி ஈரல், என்புமச்சை, தோல், மூளை ஆகியவற்றிலும் உண்டு. எனவே 'தசை மருந்து' என்பது நாம் இட்ட பெயரேயன்றி, அம்மருந்து அறிந்த எல்லையன்று.

எனினும், மருந்தை உட்கொண்டதும் பழைய நோய் தணிந்தது என்ற கூற்றை அப்படியே ஏற்பதற்கில்லை. 1889 இல் தமது 72 ஆவது வயதில், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விதைச் சாற்றைத் தமக்கே ஊசிமூலம் ஏற்றிக்கொண்ட பிரௌன் செக்கார், வலிமையும் மலச்சீரும் மீண்டனவெனப் பாரிஸிலுள்ள உயிரியற் கழகத்தில் அறிவித்தார். அவர் சாதாரண மனிதரல்லர். உடற்றொழிலியலின் மேதைகளுள் ஒருவர். ஆயினும் நீர்ச்சாற்றிற் கரையும் ஓமோனின் அளவு மிகச் சொற்பமானதாகையால், அவர் உணர்ந்தது நம்பிக்கையின் விளைவே எனக் கொள்ளவேண்டியுள்ளது. உடற்பயிற்சிக் கூடங்களில் தாமாகவே இம்மருந்துகளை ஏற்றிக்கொண்டு, மூட்டுநோவும் ஒவ்வாமையும் பறந்துபோயின எனக் கூறுவோரின் சான்றும் பெரும்பாலும் இத்தரத்ததே. குருதி தடித்தல், குருதியமுக்க உயர்வு ஆகியவை அவர்களுக்கு உடனே புலப்படுவதில்லை.

உறுதியான சான்று முதலில் வந்தது குருதி நோய்த்துறையிலாகும். என்புமச்சை வறண்டு, குருதிக் கலங்களை ஆக்கும் ஆற்றலை இழந்துவிடும் சோகை நோயுற்ற சிறார்களுக்குத் தெஸ்தொஸ்தரோன் வழங்கியபோது சிலரின் மச்சை மீண்டும் தொழிற்படத் தொடங்கியதை, பொஸ்ரனைச் சேர்ந்த ஷகீடி, டயமண்ட் ஆகியோர் 1959 இல் வெளியிட்டனர். எல்லோரும் தேறவில்லை. ஏன் சிலர் மட்டும் தேறினர் என்பதற்கு விடை காண அரைநூற்றாண்டு சென்றது. இதற்கிடையே, 1972 இல், இவ்வகைச் சிகிச்சை பெற்ற சோகை நோயாளரிடையே ஈரற் புற்றுநோய் தோன்றியமை 'லான்செற்' சஞ்சிகையில் அறிவிக்கப்பட்டது. நன்மையைப் போலவே தீமையும் எதிர்பாராத உறுப்பொன்றிலிருந்தே வெளிப்பட்டது.

இவ்வகையில் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு பரம்பரை வீக்க நோயாகும். இந்நோயுடையோரின் முகமோ, கைகால்களோ, குடலின் உட்சுவரோ திடீரென வீங்கும். குரல்வளை வீங்குமாயின் மரணமும் நேரலாம். ஒஸ்லர் 1888 இலேயே ஒரு குடும்பத்தின் ஐந்து தலைமுறைகளில் இதனைக் கண்டு எழுதினார். சாதாரண ஒவ்வாமை வீக்கத்தைத் தணிக்கும் மருந்துகளும், முன்னர் குறித்த கோட்டிசோன் இனமும் இதனிடம் பயனற்றுப்போகும். 1960 இல் ஸ்போல்டிங் என்னும் மருத்துவர் மெதைல்தெஸ்தொஸ்தரோன் இவ்வீக்கத்தைத் தடுக்கிறதென எழுதினார். நோயின் காரணமோ அப்போது அறியப்படவில்லை. குருதியிலுள்ள 'சீ1 தடுப்பி' என்ற புரதத்தின் குறைபாடே காரணமென டொனால்ட்சனும் எவன்சும் கண்டது 1963 இல். மருந்து முந்தியது, விளக்கம் பிந்தியது.

ஆனால் பெண்களுக்கு மெதைல்தெஸ்தொஸ்தரோனை ஆண்டுக்கணக்கில் வழங்குதல் எளிதன்று. ஆண்மைப்படுத்தும் இயல்பு குறைந்ததும், கருப்பை உட்படை நோய்க்கென ஆக்கப்பட்டதுமான டனசோலை, ஐக்கிய அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த கெல்ஃபாண்ட் முதலியோர் ஒன்பது நோயாளருக்கு வழங்கிப் பார்த்தனர். எது மருந்து, எது வெற்று மாத்திரை என்பதை நோயாளரோ வைத்தியரோ அறியாதவாறு ஆய்வு நடத்தப்பட்டது. 1976 இல் வெளியான முடிவின்படி, வெற்று மாத்திரை வழங்கிய 47 தவணைகளில் 44 இல் வீக்கம் தோன்றியது. டனசோல் வழங்கிய 46 தவணைகளில் ஒன்றில் மட்டுமே தோன்றியது. பிரௌன் செக்காரின் ஊசிக்கும் இதற்கும் உள்ள இடைவெளி இவ்வெண்களிலேயே உள்ளது. மேலும், சீ1 தடுப்பியின் அளவு மூன்று நான்கு மடங்காக உயர்ந்ததும் அளந்தறியப்பட்டது. இந்நோயாளரிடம் பழுதுற்ற பரம்பரையலகு ஒன்றும் பழுதற்றது ஒன்றும் உண்டு. பழுதற்றதைக்கொண்டு ஈரல் கூடுதலான புரதத்தை ஆக்குமாறு மருந்து தூண்டுகின்றது என்பதே பொதுவாகத் தரப்படும் விளக்கம். குறைபாடு நீக்கப்படவில்லை, எஞ்சியிருந்த பாதி கூடுதலாக உழைக்க வைக்கப்பட்டது.

மச்சைச் சோகைக்குரிய விடையும் பரம்பரையலகினூடாகவே வந்தது. நிறமூர்த்தங்களின் நுனிகளைக் காக்கும் தெலோமியர்கள், கலம் பிரியுந்தோறும் குறுகுகின்றன. அவற்றை மீள நீட்டும் தெலோமரேஸ் நொதியத்திற் பழுதுடையோர்க்கு மச்சை வறட்சியுறலாம். ஆண்மை ஓமோன்கள் இந்நொதியத்தின் ஆக்கத்தைத் தூண்டுகின்றன என்பதைக் கலாடோ முதலியோர் 2009 இல் காட்டினர். ஆண்மை ஓமோன் கலத்தினுள் பெண்மை ஓமோனாக மாறியே இத்தூண்டலைச் செய்தது என்பது அவ்வாய்வின் சுவையான பகுதி. 2016 இல் வெளியான மற்றோர் ஆய்வில், தெலோமியர் நோயுற்ற 27 பேருக்கு நாளொன்றுக்கு 800 மில்லிகிராம் டனசோல் வழங்கப்பட்டது. குறுகும் வேகம் சற்றுத் தணிந்தாற் போதுமென்பதே ஆய்வாளரின் எதிர்பார்ப்பு. ஈராண்டு நிறைவிற் பரிசோதிக்கப்பட்ட 12 பேருள் 11 பேரின் தெலோமியர்கள் தொடக்கத்தில் இருந்ததைவிட நீண்டிருந்தன. ஒப்பீட்டுக் குழு அமையாத சிற்றாய்வு இது என்பதையும், நோய்க்காக வழங்கியதை முதுமை நீக்கியென விற்க முனைவோர் இருப்பர் என்பதையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இப்பயன்களுக்குரிய விலையைக் கூடுதலாகச் செலுத்துவோர் பெண்களே. மாதவிடாய் குழம்புதல், முகத்தில் உரோமம் வளர்தல் ஆகியவற்றோடு குரலும் தடிக்கலாம். மருந்தை நிறுத்திய பின்னரும் குரல் பழைய நிலைக்கு மீளாதிருத்தல் உண்டு. கருவுற்றிருப்போர் உட்கொள்ளின் பெண்சிசுவின் உறுப்புகள் ஆண்தன்மை பெறக்கூடும். சிறுவர்க்கு என்பின் வளர்ச்சி காலத்திற்கு முன்பே நின்றுவிடலாம். இவை 'பக்க விளைவுகள்' எனப்பட்டாலும், ஒரே வாங்கியின் வேலையே ஓரிடத்தில் மருந்தென்றும் பிறிதோரிடத்தில் தீங்கென்றும் பெயர் பெறுகின்றது.

வீக்க நோய்க்கு இன்று வேறு வழிகள் உள. சீ1 தடுப்பியையே குருதியிலிருந்து பிரித்து ஏற்றலாம். 2018 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லனடெலுமாப் போன்ற ஊசிமருந்துகளும் உண்டு. ஆனால் அங்கு லனடெலுமாப்பின் விலை ஆண்டொன்றுக்குப் பல இலட்சம் டொலர். ஆகவே சர்வதேச வழிகாட்டல்கள் டனசோலை இரண்டாம் வரிசைக்குத் தள்ளியுள்ளபோதிலும், வறிய நாடுகளின் நோயாளர் பலருக்கு அதுவே முதல் வரிசையாயுள்ளது. இந்நிலையை மருந்தியலின் நியதி எனக் கூறுவதற்கில்லை. இது சந்தையின் தீர்ப்பு. நீண்டகாலப் பயன்பாட்டில் டனசோலின் அளவு இயன்றவரை நாளொன்றுக்கு 200 மில்லிகிராமை விஞ்சலாகாதென்றும், ஈரற் செயற்பாட்டையும் குருதிக் கொழுப்பையும் ஆறு மாதங்களுக்கொருமுறை அளக்கவேண்டுமென்றும், ஈரலை ஒலியலைப் படத்தின்மூலம் காலந்தோறும் பார்வையிடவேண்டுமென்றும் அவ்வழிகாட்டல்கள் கூறுகின்றன. மாத்திரை மலிவானது, இக்கண்காணிப்பிற்குரிய ஆய்வுகூடமும் கருவியும் அவ்வாறல்ல.