தரவுத்தளம் 'அனுமதி இல்லை' என்கிறதா? உடனே 'அட்மின்' ஆக்காதீங்க!

ஜொகூரின் செடெனாக், கூலாய், நூசாஜெயா வட்டாரங்களில் தரவு மையங்கள் அடுத்தடுத்து எழுந்துள்ளன. கட்டடத்துக்குள் யார் நுழையலாம் என்பதைக் காவலர்கள் பார்த்துக்கொள்வார்கள். உள்ளே இருக்கும் தரவை யார் பார்க்கலாம் என்பதைத் தீர்மானிப்பது தரவுத்தளத்தின் அனுமதிகள்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் ஓர் அறிக்கை எடுக்க முயல்கிறார். 'பெர்மிஷன் டினைட்' என்று திரையில் வருகிறது. "பேசாம அட்மின் கொடுத்துடுங்க" என்று யாராவது சொல்வார்கள். சுலபமான வழிதான். ஆனால் ஆபத்தானது.

ஏன் ஆபத்து?

கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்ட 3 மில்லியன் பேரின் தகவல்கள் ஒரு 'சூப்பர் அட்மின்' கணக்கு வழியாகப் பதிவிறக்கப்பட்டதாக, 2023 பிப்ரவரியில் வெளியான மலேசியத் தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சொன்னது. எல்லா அதிகாரமும் உள்ள ஒரு கணக்கு தவறான கையில் சிக்கினால், எல்லாத் தரவும் சிக்கிவிடும்.

குழு எதற்கு?

10 பேருக்குத் தனித்தனியாக அனுமதி கொடுத்தால், யாருக்கு என்ன கொடுத்தோம் என்பதே மறந்துபோகும். 'கணக்குப் பிரிவு' என ஒரு குழுவுக்கு அனுமதி கொடுத்து, ஆட்களை அதில் சேர்க்கலாம். ஒருவர் வேறு பிரிவுக்கு மாறினால் குழுவை மாற்றினால் போதும்.

சிக்கல் எங்கே? வரிசையாகப் பாருங்க

1. எந்தக் கணக்கில் நுழைந்திருக்கீங்க? செயலி வேறு பெயரில் இணைந்திருக்கலாம். மைஎஸ்கியூஎல்லில் ஒரே பெயர் என்றாலும், வேறு கணினியிலிருந்து வந்தால் அது வேறு கணக்காக இருக்கலாம்.

2. குழு அனுமதி செயலில் இருக்கா? மைஎஸ்கியூஎல் 8.0-இல் 'ரோல்' கொடுத்தால் மட்டும் போதாது. அதைச் செயல்படுத்தவும் வேண்டும்.

3. 'ஸ்கீமா' அனுமதி இருக்கா? போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் அட்டவணைக்கு அனுமதி இருந்தாலும், அது இருக்கும் ஸ்கீமாவுக்குத் தனி அனுமதி வேண்டும். அறைச் சாவி இருந்தும் வாசல் சாவி இல்லாத கதைதான்.

4. அட்டவணை புதுசா? போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் 'எல்லா அட்டவணைகளுக்கும்' என்று கொடுக்கும் அனுமதி, அப்போது இருப்பவற்றுக்கு மட்டுமே. இனி வருபவற்றுக்கு இயல்புநிலை அனுமதியைத் தனியாக அமைக்கணும்.

அடுத்து?

விடுபட்ட அந்த ஓர் அனுமதியை மட்டும் 'கிராண்ட்' கட்டளையால் குழுவுக்குக் கொடுங்க. அறிக்கை எடுப்பவருக்குத் தரவைப் படிக்கும் அனுமதி போதும். அழிக்கும் அனுமதி எதற்கு? தற்காலிகமாகக் கொடுத்ததை 'ரிவோக்' கட்டளையால் திரும்பப் பெறுங்க.

இது வெறும் தொழில்நுட்ப ஒழுங்கு இல்லை. 2025 ஜூன் 1 முதல், பெரிய பாதிப்பு ஏற்படுத்தக்கூடிய தரவுக் கசிவை மலேசிய நிறுவனங்கள் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும். தரவுப் பாதுகாப்புக் கோட்பாடுகளை மீறினால் 1 மில்லியன் ரிங்கிட் வரை அபராதம் விதிக்கப்படலாம்.