எமது வீட்டு வீடியோக்களுக்குப் பெயர் உண்டா?



உங்கள் வீட்டில் எத்தனை வீடியோக்கள் இருக்கின்றன என்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா? மூத்த மகளின் திருமணம், மகன் முதன்முதலாக மேடையில் ஓதியது, வாப்பா ஹஜ்ஜுக்குப் புறப்பட்டது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துவிட்டன. வீடியோ கெசட்டில் இருந்தவை சீடிக்கு மாறின. அங்கிருந்து பென்டிரைவுக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் போயின. இன்று கைத்தொலைபேசியிலேயே நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன.

கெசட்டுக் காலத்தில் ஒரு வசதி இருந்தது. அதன் முதுகில் சிறு தாளொன்றை ஒட்டி, "ராத்தாவின் கலியாணம், 1993" என்று பேனையால் எழுதி வைத்தோம். இன்றோ பெரும்பாலான வீடியோக்களுக்கு வெறும் இலக்கங்களே பெயர். ஒன்றைத் தேட பத்தைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. திறந்த பின்னரும், மணமகனுக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் பெரியவர் யார் என்று சொல்ல மூத்தம்மா ஒருவரால்தான் முடிகிறது. அவருக்குப் பிறகு யார் சொல்வது?

உறையும் உட்பக்கமும்

"கோப்பின் பெயரை மாற்றிவிட்டால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். அது நல்லதுதான், ஆனால் அரைவாசி வேலையே. கிதாபின் மேலுறையில் மாத்திரம் பெயர் எழுதும் மாணவனின் நிலைதான் அது. உறை கிழிந்தால் பெயரும் போய்விடும். உட்பக்கத்தில் எழுதியவனின் பெயரோ கிதாபுடனேயே இருக்கும்.

வீடியோவுக்கும் அப்படியோர் உட்பக்கம் உண்டு. எம்.பி.4 என்ற வகைக் கோப்பில் படமும் ஒலியும் மாத்திரமல்ல, தலைப்பு, திகதி, குறிப்பு ஆகியவற்றை எழுதுவதற்கும் தனி இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இவ்விபரங்களை மெட்டாடேட்டா என்பார்கள். இதை எழுதுவதால் படத்தின் தெளிவு குறையாது. கோப்பை அப்படியே பிரதி எடுத்தால் விபரமும் கூடவே செல்லும்.

எழுதுவது எப்படி?

வின்டோஸ் கணினியில் எம்.பி.4 வீடியோவின் மீது மௌஸின் வலது பொத்தானை அழுத்தி, ப்ரொப்பர்டீஸ் என்பதைத் திறந்து, டீடெய்ல்ஸ் என்ற பகுதிக்குச் செல்லுங்கள். டைட்டில் என்ற இடத்தில் தலைப்பையும், கொமென்ட்ஸ் என்ற இடத்தில் யார் யார் இருக்கிறார்கள், எந்த ஊர், எந்த வீடு என்பவற்றையும் எழுதி ஓகே கொடுங்கள். முதலில் ஒரு பிரதியில் செய்து பழகிக்கொள்வது நல்லது.

தமிழிலேயே எழுதலாம். ஆனால் யுனிகோட் எழுத்தில் எழுதுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் எழுதினால் பிள்ளைகளின் கணினியில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகவே தெரியும்.

வீட்டு வீடியோக்களை டீவியில் வரிசையாகக் காட்டும் ஜெலிஃபின், ப்ளெக்ஸ் போன்ற மென்பொருள்களைப் பாவிப்போரும் உள்ளனர். அவற்றில் 'திரைப்படம்' என்ற பிரிவில் குடும்ப வீடியோவைப் போட்டால், ஏதோவொரு சினிமாவின் பெயரையும் படத்தையும் அதற்குச் சூட்டிவிடக் கூடும். எனவே சொந்த வீடியோக்களுக்கான பிரிவையே தெரிவு செய்யுங்கள். ஜெலிஃபினில், கோப்பின் பெயரை விட உள்ளே எழுதப்பட்ட தலைப்புக்கு முதலிடம் கொடுக்கும்படி அமைக்கவும் முடியும்.

திகதியில் கவனம்

எம்.பி.4 கோப்பு தான் உருவான நேரத்தை 1904 ஜனவரி 1ஆம் திகதியிலிருந்து கடந்த செக்கன்களாகக் குறித்து வைக்கிறது. அதுவும் சர்வதேசப் பொது நேரப்படி. எமது நேரமோ அதைவிட 5 மணித்தியாலமும் 30 நிமிடமும் முந்தியது. ஆகவே விடியற்காலை 3 மணிக்கு எடுத்த வீடியோ, சில மென்பொருள்களில் முதல் நாள் இரவு 9.30 என்று காட்டப்படலாம்.

பழைய கெசட்டுகளில் இன்னொரு சிக்கல். 1993இல் நடந்த திருமணத்தை 2015இல் கணினிக்கு மாற்றியிருந்தால், கோப்பில் இருப்பது பெரும்பாலும் 2015ஆம் ஆண்டுதான். மணமக்களின் பேரப்பிள்ளைகள் அதை நம்பிவிடுவார்கள். அதனால் உண்மையான வருடத்தைத் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

வட்ஸ்அப்பில் வரும் வீடியோவின் பெயரிலுள்ள திகதியையும் அப்படியே நம்ப வேண்டாம். அது நிகழ்ச்சி நடந்த நாளாக இல்லாதிருக்கலாம். வீடியோவாக அனுப்பும்போது வட்ஸ்அப் அதைச் சுருக்குவதால், நீங்கள் எழுதிய விபரங்களும் பொதுவாக எஞ்சுவதில்லை. வெளிநாட்டிலுள்ள மகனுக்கு விபரத்துடன் சேர வேண்டுமாயின், ஆவணமாக அனுப்புங்கள்.

எதை எழுதக் கூடாது?

உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது என்பதால் ஓர் எச்சரிக்கையும் அவசியம். கைத்தொலைபேசிக் கெமராவில் இருப்பிடத்தைப் பதியும் வசதி இயங்கினால், வீடு இருக்கும் இடமும் வீடியோவுக்குள் பதிவாகலாம். ஆவணமாக அனுப்பும்போது அதுவும் சேர்ந்தே போகும். வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் தோன்றும் வீடியோக்களில் இது சிறிய விடயமல்ல. அந்த வசதியை நிறுத்தி வையுங்கள். அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், முழு முகவரி ஆகியவற்றை ஒருபோதும் எழுத வேண்டாம். வெளியாருக்குக் கொடுக்கும் பிரதியில் பெயர்களையும் நீக்கிவிடுங்கள்.

சகோதரிகளே, எழுதும் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். எதை எழுதுவது என்று தெரிந்தவர்கள்தான் எப்போதும் எம்முடன் இருக்கப் போவதில்லை. ஆகவே மிகப் பழைய வீடியோவிலிருந்தே தொடங்குங்கள். வாரத்தில் ஒருநாள் அஸருக்குப் பின் வீட்டுப் பெரியவரைப் பக்கத்தில் அமர்த்தி, ஒன்றை ஓடவிட்டு, "இது யார்? அது எந்த வீடு?" என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல மகளோ மகனோ கொப்பியில் குறித்து, அன்றைக்கே கணினியில் ஏற்றட்டும். வருடம் முடிவதற்குள் 50 வீடியோக்களுக்குப் பெயர் கிடைத்துவிடும். குடும்பத்தின் உறவுமுறைகளையும் பிள்ளைகள் அறிந்துகொள்வார்கள்.