அம்மாவுக்கு மட்டும் தெரிந்த வீடு



சில ஆண்டுகளுக்கு முன், மழைக்கால இரவு ஒன்றில் ஒன்பது மணியளவில் நமக்கு அழைப்பு வந்தது. வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த ஒரு சிற்றூரில் குடும்பத்தலைவி ஒருவர் மயங்கி விழுந்துவிட்டார். நாம் போய்ச் சேர்ந்தபோது 108 ஊர்தி வாசலில் நின்றுகொண்டிருந்தது. "என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? பழைய மருந்துச் சீட்டு எங்கே?" என்று உடன் வந்த செவிலியர் கேட்டார்.

கணவர் பீரோவைத் திறந்து சேலைகளை இழுத்துப் போட்டார். மகன் அலமாரித் தட்டிலிருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தான். மகள் பாயைப் புரட்டினாள். சீட்டு அகப்படவில்லை. "எல்லாம் அவளுக்குத்தான் தெரியும், சாமி" என்றார் கணவர். தெரிந்த ஒருவரோ பேச்சின்றிக் கிடந்தார். சீட்டில்லாமலே ஊர்தி புறப்பட்டது. மருத்துவர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. மறுநாள் காலை அச்சீட்டு சுவரில் தொங்கிய நாட்காட்டியின் பின்புறத்தில் செருகியிருந்ததைச் சிறுவன் ஒருவன் கண்டெடுத்தான்.

நல்லவேளையாக அத்தாய் பிழைத்து வீடு திரும்பினார். நாம் பார்க்கச் சென்றபோது சிரித்துக்கொண்டே சொன்னார்: "நான் போயிருந்தா, குடும்ப அட்டை எங்கே இருக்குன்னுகூட இவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, சாமி." அவர் சிரித்தார், நம்மால் சிரிக்க இயலவில்லை.

வீட்டை ஒழுங்குபடுத்துவது என்றால், விருந்தினர் வருவதற்கு முன் பொருள்களை மறைத்து வைப்பதென்று பலர் எண்ணுகிறோம். அது அழகைப் பற்றிய செய்தி மட்டுமன்று. ஒரு பொருள் தேவைப்படும் வேளையில், வீட்டிலுள்ள எவரும் அதை எடுக்க முடிகிறதா என்பதே கேள்வி. நம் இல்லங்கள் பலவற்றில் வீட்டின் அட்டவணை முழுவதும் தாயின் தலைக்குள் இருக்கிறது. அவர் நோயுற்றால் வீடே வாயடைத்துப் போகிறது.

அன்றைய வீடும் இன்றைய வீடும்

நம் முன்னோரின் வீடு சிறியது. ஆனால் பொருளுக்கு இடம் வகுத்த வீடு. நெல்லுக்குக் குதிர், விளக்குக்கு மாடம், பாலும் தயிரும் பூனைக்கு எட்டாதிருக்க உறி, எப்போதாவது எடுக்கும் பெரிய பாத்திரங்களுக்குப் பரண், வில்லியனூர்க் குயவர் வனைந்த பானைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கு.

இன்று கூரை வீடும் ஓட்டு வீடும் குறைந்து மெத்தை வீடுகள் எழுந்துள்ளன. பாகூர்ப் பக்கத்தில் சொர்ணவாரியோ சம்பாவோ நவரையோ, அறுவடை இயந்திரம் இறங்கிய அன்றே பலருடைய நெல் களத்திலிருந்தே விலையாகிப் போய்விடுகிறது. குதிருக்கு வேலையில்லை. ஆனால் குதிர் நின்ற மூலை காலியாக இருக்கிறதா? ஓடாத மின்விசிறி, கைப்பிடி உடைந்த நாற்காலி, கல்யாணத்தில் வந்து இன்னும் பிரிக்கப்படாத கண்ணாடிக் குவளைகள், மூன்று சுவர்க் கடிகாரங்கள், கட்டுக் கட்டாகப் பழைய பாடநூல்கள் ஆகியவை அங்கே குடியேறிவிட்டன.

இதனைப் பேராசை என்று இகழ்வது முறையன்று. வறுமையை அறிந்தவர்கள் எதையும் எளிதில் எறிவதில்லை. "ஒரு நாளைக்கு உதவும்" என்ற சொல்லுக்குப் பின்னால், ஒரு நாள் உதவாமற்போன துயரத்தின் நினைவு இருக்கிறது. அன்றியும், மறைந்த தந்தையின் குடையையும், மகள் முதன்முதலாக அணிந்த சட்டையையும் குப்பை என்று எவர் சொல்லத் துணிவார்? எனவே எல்லாவற்றையும் எறிந்துவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. நினைவுக்கென்று ஒரு பெட்டி இருக்கட்டும். அந்தப் பெட்டி நிறைந்தால், புதிதாக ஒன்றை வைக்கப் பழையது ஒன்றை எடுக்க வேண்டும் என்பது மட்டும் விதியாகட்டும்.

அஞ்சறைப் பெட்டி தரும் பாடம்

நம் சமையலறையிலேயே ஒரு நல்லாசிரியர் இருக்கிறார். அவர் பெயர் அஞ்சறைப் பெட்டி. கடுகுக்கு ஓர் அறை, சீரகத்துக்கு ஓர் அறை, வெந்தயத்துக்கு ஓர் அறை. எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போது தாயின் கை கண்ணைக் கேட்காமலே கடுகுக்குப் போகிறது. காரணங்கள் மூன்று. பொருள்கள் சிலவே, ஒவ்வொன்றுக்கும் தனியிடம் உண்டு, எடுத்த பொருள் எடுத்த இடத்துக்கே திரும்புகிறது. வீட்டு ஒழுங்கின் இலக்கணம் இந்த மூன்றும்தான்.

நம் பெண்மக்கள் எவர்சில்வர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டி வாங்குகிறார்கள். ஊர்த் திருமணத்துக்கு இரவல் போன குண்டான்கூடப் பெயரைக் கொண்டு வீடு திரும்பிவிடுகிறது. பாத்திரத்துக்குக் காட்டும் இந்தக் கவனத்தில் பாதியையாவது வீட்டின் பத்திரங்களுக்குக் காட்டுகிறோமா?

வெள்ளம் வந்த வேளை

2024 நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையைக் கடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அதன்பின் டிசம்பர் 2ஆம் நாள் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட பெருநீரும் சேர, தென்பெண்ணை கரைபுரண்டு பாகூர் கொம்யூனின் ஆற்றோர ஊர்களுக்குள் புகுந்தது. சங்கராபரணியும் பெருகி வில்லியனூர்ப் பகுதியின் தாழ்ந்த இடங்களைச் சூழ்ந்தது. அதற்கு முன் 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் கூரைகளைப் பிய்த்தெறிந்ததும் நம் நினைவில் உண்டு.

இத்தகைய வேளையில் வீட்டைவிட்டு வெளியேறக் கிடைப்பது சில நிமிடங்களே. அப்போது குழந்தையைத் தூக்குவோமா, மாட்டை அவிழ்ப்போமா, பத்திரத்தைத் தேடுவோமா? தேட வேண்டிய நிலை இருந்தால் அது வீட்டோடு நனைந்து போகும். கட்டிலுக்கடியில், டிரங்குப் பெட்டியின் அடித்தட்டில் வைத்த பத்திரத்தைத்தான் தண்ணீர் முதலில் தொடுகிறது. தண்ணீர் விட்டால் கறையான் தொடுகிறது.

எனவே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு "புறப்பாட்டுப் பை" வேண்டும். தண்ணீர் புகாத உறைகளில் இட்டு, ஒரே பையில் வைத்து, ஆள் உயரத்துக்கு மேலே ஓர் ஆணியிலோ தட்டிலோ வைக்க வேண்டும். அதில் இருக்க வேண்டியவை:

1. சிவப்போ மஞ்சளோ, குடும்ப அட்டை; அனைவரின் ஆதார் அட்டைகள்; வங்கிப் புத்தகங்கள்.

2. வீடு, நிலம் பற்றிய பத்திரங்களும் பட்டாவும். பிரெஞ்சுக் காலத்துத் தாள்கள் இருந்தால் அவையும். 1954 நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்ட் 16ஆம் நாள் அது சட்டப்படி நிறைவேறிய மண் இது. அக்காலப் பிறப்பு, திருமணப் பதிவுகளைக் கேட்டு இன்றும் அலையும் குடும்பங்கள் உண்டு. பழைய தாள்களைப் பிளாஸ்டிக் உறையோடு ஒட்டி லாமினேஷன் செய்தல் ஆகாது. ஒட்டியதைப் பின்னர்ப் பிரிக்க இயலாது.

3. பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ்.

4. மருந்துச் சீட்டுகள், ஒவ்வொருவரும் உண்ணும் மாத்திரைகளின் பெயர் எழுதிய ஒரு தாள்.

5. காப்பீட்டுத் தாள்கள், நகை அடகு ரசீதுகள்.

இவற்றோடு ஒரு சிறு நோட்டுப் புத்தகமும் வேண்டும். பத்திர எண், பதிவான ஆண்டு, வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை அதில் எழுதி, அதன் நகலை வேற்றூரிலுள்ள உடன்பிறந்தாரிடம் கொடுத்து வைக்கலாம். பதிவு அலுவலகத்தில் பத்திரத்துக்குப் படி பெற முடியும். எண்ணும் ஆண்டும் தெரிந்தால் வேலை எளிது. நம் பங்கு அலுவலகத்திலும் இதே அனுபவம்தான். திருமுழுக்குச் சான்று கேட்டு வருவோர் ஆண்டைச் சொன்னால் சிறிது நேரத்தில் எடுத்துத் தரலாம்; "பெரிய மழை வந்த வருஷம், சாமி" என்றால் பல ஏடுகளைப் புரட்ட வேண்டும். 2015இல் நடுவண் அரசு தொடங்கிய டிஜிலாக்கர் வழியாகப் பல சான்றுகளைக் கைப்பேசியிலேயே பெற்று வைக்கலாம். படித்த பிள்ளைகள் இதைப் பெற்றோருக்குச் செய்து கொடுப்பது கடமை.

பாகூர் மக்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையே இல்லை. 9ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்டதைக் கூறும் செப்பேடுகள் 1879இல் கிடைத்தன. ஐந்து ஏடுகளும் ஒரே வளையத்தில் கோக்கப்பட்டவை. ஆயிரம் ஆண்டு கடந்தும் ஓர் ஏடும் பிரிந்து போகவில்லை. நம் பத்திரங்களுக்கும் வேண்டியது அத்தகைய ஒரு வளையமே.

மூலையில் ஒளிந்திருக்கும் ஆபத்து

குவியல் இடத்தை மட்டும் அடைப்பதில்லை. மழைக்காலத்தில் விறகோடும் பழைய சாக்கோடும் கிடக்கும் குவியலில் பாம்பும் தேளும் அடைக்கலம் புகும். கொல்லையில் கிடக்கும் பழைய டயரிலும் தேங்காய்த் தொட்டியிலும் தேங்கும் நீரில் டெங்குக் கொசு முட்டையிடும். அது முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். காய்ந்த தொட்டியில் ஒட்டிய முட்டை பல மாதம் உயிரோடிருக்கும். ஆதலால் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவவும் வேண்டும். 1975ஆம் ஆண்டு முதல் கொசுவை ஆராயும் மைய அரசு நிறுவனம் புதுச்சேரியிலேயே இருக்கிறது. ஆனால் நம் கொல்லைத் தொட்டியைக் கவிழ்க்க நாம்தான் கை நீட்ட வேண்டும்.

எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது பூச்சிமருந்து. வயலுக்குத் தெளித்தது போக மிஞ்சியதைக் கட்டிலுக்கடியிலும், அரிசிப் பானைக்குப் பக்கத்திலும் வைத்திருப்பதை நாமே கண்டிருக்கிறோம். குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைப்பது அதனினும் கொடிது. தாகமெடுத்த குழந்தைக்கு எழுத்து தெரியாது. கோபத்தில் நிலைதடுமாறிய ஒருவரின் கைக்கு எட்டும் தூரத்தில் நஞ்சு இருப்பதால் மாண்டோர் எத்தனையோ பேர். வந்த புட்டியிலேயே, ஒட்டிய தாளோடு, சமையலறைக்கும் படுக்கைக்கும் அப்பால் பூட்டி வையுங்கள். காலிப் புட்டியை வேறெதற்கும் பயன்படுத்தாதீர்கள். தவறு நேர்ந்துவிட்டால் அந்தப் புட்டியையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவருக்கு அது வழிகாட்டும்.

எங்கே தொடங்குவது?

முழு வீட்டையும் ஒரே நாளில் கவிழ்க்க முயல்வோர், மாலையில் களைத்து, எல்லாவற்றையும் மீண்டும் அதே மூலையில் திணித்துவிடுவர். ஒரு நாளுக்கு ஒரு தட்டு அல்லது ஒரு பெட்டி போதும். பொருள்களை வெளியே எடுத்து நான்கு குவியலாக்குங்கள்: நாள்தோறும் வேண்டியது, எப்போதாவது வேண்டியது, பிறருக்குப் பயன்படுவது, கழிக்க வேண்டியது. முதலாவது கைக்கெட்டும் இடத்துக்கு; இரண்டாவது பரணுக்கு. காலம் கடந்த மாத்திரைகள் நான்காவது குவியலுக்கு. போகியன்று பழையதைக் கழிப்பது நல்ல வழக்கமே. ஆனால் டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்தி, ஊர்க் குழந்தைகளின் நெஞ்சில் புகையை நிரப்புவது நல்ல வழக்கமன்று. பழைய இரும்பு, தாள் வாங்குவோரிடம் அவற்றைப் போடலாம்.

மூன்றாவது குவியலைப் பற்றி ஒரு சொல். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியபின், நாகப்பட்டினம் முதலிய கடலோரங்களுக்கு வண்டி வண்டியாகப் பழந்துணிகள் வந்து குவிந்தன. கிழிந்ததும் அழுக்கானதும் சாலையோரத்தில் மழையில் நனைந்து கிடந்தன. எல்லாம் இழந்தவர்களும் அவற்றைத் தொட மறுத்தனர். அவர்கள் இழந்தது உடைமையை, மானத்தை அன்று. நாம் உடுத்தக் கூசுவதைப் பிறருக்குக் கொடுப்பது ஈகையாகாது. துவைத்து, பொத்தான் தைத்து, மடித்துக் கொடுங்கள். இல்லையேல் அதைத் தரை துடைக்க வையுங்கள்.

யாருடைய வேலை?

இதனைப் படிக்கும் கணவர்கள், "இது வீட்டுக்காரிக்கு எழுதியது" என்று தாளைத் திருப்பிவிட வேண்டாம். விடியலில் நடவுக்கோ களையெடுக்கவோ, தொழிற்சாலைக்கோ சென்று, மாலை திரும்பி அடுப்பு மூட்டும் பெண்ணின் தோளில் இன்னுமொரு சுமையை ஏற்றுவது நம் நோக்கமன்று. இருக்கும் சுமையில் ஒன்றை இறக்குவதே நோக்கம். "அம்மா, என் சாக்ஸ் எங்கே?" "ஏய், சாவி எங்கே?" "அத்தை, கத்தரிக்கோல் எங்கே?" என்று ஒரு நாளில் எத்தனை முறை கேட்கிறோம் என்பதை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் அவர் கைவேலையை நிறுத்துகிறார்.

சாவிக்கு ஓர் ஆணி அடிப்பது கணவரின் வேலை. புத்தகப்பையை அதனிடத்தில் வைப்பது பிள்ளையின் வேலை. டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டுவது படிக்கும் மகளுக்கும் மகனுக்கும் விளையாட்டு. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?

தொடக்கத்தில் கூறிய இல்லத்துக்கு அண்மையில் மீண்டும் சென்றிருந்தோம். குதிர் நின்ற மூலை காலியாகி, அங்கே பிள்ளைகள் அமர்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். கதவுக்குப் பின்னால், உயரத்தில், ஒரு நீலப் பை தொங்கியது. சோதித்துப் பார்க்க எண்ணி, வீட்டின் கடைக்குட்டியிடம், "அம்மாவின் மருந்துச் சீட்டு எங்கே?" என்று கேட்டோம். அவன் விளையாட்டை நிறுத்தாமலே பையை நோக்கிக் கையை நீட்டினான். அடுப்பங்கரையிலிருந்த தாய் திரும்பிப் பார்க்கவுமில்லை.

அன்பர்களே, இன்றிரவு உணவு முடிந்ததும் உங்கள் வீட்டில் இதே கேள்வியைக் கேளுங்கள். தாயைத் தவிர வேறொருவர் விடை சொன்னால் மகிழுங்கள். எவரும் சொல்லவில்லையேல், நாளை ஒரு பை வாங்குங்கள். ஓர் ஆணி அடியுங்கள். அங்கிருந்து தொடங்கட்டும்.