ஏரியின் வரவு செலவு

சங்கத்தின் கணக்கேட்டைப் பார்த்துப் பழகிய அங்கத்தினர்களுக்கு ஓர் ஏரியின் இயல்பை விளங்கிக்கொள்வது கடினமன்று. ஆண்டின் தொடக்கத்தில் கையிருப்பு, இடையில் வரவு, கூடவே செலவு, முடிவில் மிஞ்சுகின்ற இருப்பு. ஏரியின் நீர்மட்டம் என்பது அந்த இருப்பைக் காட்டும் எண்ணேயாகும். மட்டம் ஏறினால் வரவு மிகுந்தது என்று பொருள். இறங்கினால் செலவு மிகுந்தது என்று பொருள்.

வரவினங்கள் நான்கு. ஏரியின் பரப்பின்மேல் நேராகப் பெய்யும் மழை ஒன்று. நீர்வரத்துக் கால்வாய்களும் மேல் ஏரிகளின் உபரியும் கொண்டுவருவது இரண்டு. நிலத்தடி ஊற்று மூன்று. குளிர்ந்த மலைநாடுகளில் உருகிவரும் பனி நான்கு. செலவினங்களும் நான்கே. மதகின் வழியே பாசனத்துக்குச் செல்வது, கலங்கலைத் தாண்டி வழிவது, மண்ணில் கசிவது, வெயிலிலும் காற்றிலும் ஆவியாவது என்பன அவை. இவற்றுள் மதகு ஒன்றே மனிதன் கையில் உள்ளது. ஏனையவற்றுள் பெரும்பாலானவை சீதோஷ்ணத்தின் கையில் உள்ளன.

சீதோஷ்ணத்தின் கைவரிசையைக் கலப்பின்றிக் காணவேண்டுமானால் மதகும் ஆயக்கட்டும் இல்லாத ஏரிகளைப் பார்க்கவேண்டும். அத்தகைய ஏரிகள் உயர்ந்த மலைநாடுகளில் இருக்கின்றன. அவற்றை முதலில் ஆராய்ந்து, பின்னர் நம் மறைமலை நகர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து ஏரிகளுக்கு வருவோம்.

வழியும் ஏரியும் வழியாத ஏரியும்

மலை ஏரிகள் இருவகைப்படும். கொடைக்கானல் ஏரி முதல் வகைக்கு உதாரணம். கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில், 1863-இல் லெவிஞ்சு என்னும் அதிகாரி கரை எழுப்பி அமைத்த ஏரி அது. அதற்கு நீர் வெளியேற வழி உண்டு. மழை மிகுந்தால் மிகுந்த நீர் வழிந்துவிடும். ஆகையால் மட்டம் குறிப்பிட்ட அளவுக்குமேல் ஏறுவதில்லை. மழைக் குறைவு ஏற்படும்போது முதலில் குறைவது வழிந்தோடும் நாட்களே. மட்டம் பின்னரே குறையும்.

இரண்டாம் வகை, நீர் வெளியேற வழியே இல்லாத ஏரி. லடாக்கிலிருந்து திபெத் வரையில் 13,900 அடி உயரத்தில் ஏறக்குறைய 134 கிலோமீட்டர் நீளம் கிடக்கும் பாங்காங் ஏரி இவ்வகையினது. அங்கு வரும் நீர் ஆவியாகியே செல்லவேண்டும். நீர் போய்விட, அது கொணர்ந்த உப்பு தங்கிவிடுகிறது. அதனால்தான் அந்த ஏரிகளின் நீர் உவர்ப்பாக இருக்கிறது.

இவ்வகை ஏரி தன் மட்டத்தைத் தானே நிர்ணயித்துக்கொள்ளும் முறை வியப்பானது. ஓர் ஏரிக்கு ஆண்டுதோறும் 100 பங்கு நீர் வருகிறது என்றும், அதன் பரப்பில் ஏக்கருக்கு ஒரு பங்கு ஆவியாகிறது என்றும் கொள்வோம். பரப்பு 100 ஏக்கராக இருக்கும்போது வரவும் செலவும் சமம், மட்டம் அசையாது. மழை மிகுந்து வரவு 120 பங்காகிவிட்டால், ஏரி நிரம்பி விரிந்துகொண்டே போகும். பரப்பு 120 ஏக்கரை எட்டியதும் ஆவியாகும் செலவும் 120 பங்காகிவிடும், விரிவு நின்றுவிடும். வரவு 80 ஆகக் குறைந்தாலோ, 80 ஏக்கராகச் சுருங்கும்வரை ஏரி ஓயாது. ஆகவே சீதோஷ்ணத்தின் சிறு மாறுதலும் இத்தகைய ஏரியின் கரையில் எழுதப்பட்டுவிடும். லடாக்கின் சோ கார் என்னும் உப்பேரியைச் சுற்றி இன்றைய நீர்மட்டத்துக்கு மிக மேலே பழைய கரைக்கோடுகள் படிப்படியாகத் தெரிகின்றன. அங்கு ஒரு காலத்தில் நீர்வரவு மிகுந்திருந்தது என்பதற்கு அவையே சாட்சி.

குளிரிலும் நீர் ஆவியாகும்

அவ்வளவு குளிர்ந்த நாட்டில் நீர் எப்படி ஆவியாகும் என்று சிலர் கேட்கலாம். நனைத்த நூல் உலர்வதற்கு வெப்பம் மட்டும் காரணமன்று என்பதை நெசவாளர் அறிவர். வறண்ட காற்று வீசினால் குளிர்நாளிலும் பாவு விரைவில் உலர்கிறது. ஈரக்காற்று நிலவினால் வெயிலிலும் தாமதமாகிறது. லே நகரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறக்குறைய 4 அங்குலந்தான். அங்குக் காற்று வறண்டது, வெயிலோ கடுமையானது. ஆதலால் ஏரி நீர் ஓயாமல் ஆவியாகிறது.

குளிர்காலத்தில் பாங்காங் ஏரியின்மேல் பனிக்கட்டி மூடிக்கொள்ளும். அம்மூடி உள்ளவரையில் ஆவியாகும் செலவு பெரிதும் குறைந்திருக்கும். உலகின் வெப்பம் கூடக்கூட, மலை ஏரிகளின் மூடி தாமதமாக உண்டாகி முன்னதாகவே உருகுகிறது. செலவு நடக்கும் நாட்கள் அதிகரிக்கின்றன.

வெப்பம் வரவுப் பக்கத்திலும் வேலை செய்கிறது. மலைமேல் நூற்றாண்டுகளாகச் சேர்ந்த பனியாறுகள் உருகி ஏரிக்கு வருகின்றன. அப்போது மட்டம் உயர்வதைக் கண்டு மகிழ்ந்துவிடலாகாது. ஒரு சங்கம் தன் சேமநிதியை எடுத்துச் செலவழித்துக்கொண்டே ‘இவ்வாண்டு வரவு நன்று’ என்று எழுதிக்கொள்வது போன்றது அது. சேமநிதி தீர்ந்த பின்னர் ஏரிக்கு ஆண்டு மழையைத் தவிர வேறு வரவு இராது.

உருகும் நீரைத் தாங்கும் கரை பலமற்றதாயின் ஆபத்து உடனே வந்துவிடும். சிக்கிமில் ஏறக்குறைய 17,000 அடி உயரத்தில் உள்ள தெற்கு லோனாக் பனி ஏரி, 2023 அக்டோபர் 3-ஆம் நாள் இரவில் உடைத்துக்கொண்டு பாய்ந்தது. தீஸ்தா ஆற்றில் பெருவெள்ளம் எழுந்து, சுங்தாங்கில் இருந்த மின்சார அணையை அடித்துச் சென்றது. பலர் உயிரிழந்தனர்.

ஒரே உலகம், இரு வேறு கணக்கு

வெப்பம் கூடினால் எல்லா ஏரியும் வற்றும் என்று எண்ணுவது தவறு. திபெத்தில் 1990-களின் பிற்பகுதி தொடங்கி மிகப் பல ஏரிகள் பெருகியுள்ளன. அதற்கு முதற்காரணம் மழையும் பனிப்பொழிவும் மிகுந்தது. பனியாறு உருகியது துணைக்காரணம். சிலிங் ஏரி விரிந்து விரிந்து, முன்பு தன்னைவிடப் பெரிதாயிருந்த நாம் ஏரியையும் மிஞ்சிவிட்டது. ஆனால் ஏரி விரிந்த இடம் சும்மா கிடந்த இடமன்று. ஆடும் யாக்கும் மேய்ந்த கரைப்புல்வெளி. இதே உயர்ந்த மேட்டுநிலத்தின் மேற்குக் கோடியாகிய லடாக்கில் சாங்பா மக்கள் வளர்க்கும் வெள்ளாட்டின் உரோமமே காஷ்மீர நெசவாளரின் பஷ்மினா சால்வையாகிறது. மலை ஏரிகளின் மட்டம் மாறினால் அதன் பாதிப்பு மேய்ச்சல் நிலம் வழியாகத் தறிவரைக்கும் எட்டக்கூடும் என்பதை நாம் மறத்தலாகாது.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைமேல் கதை வேறு. அங்கு 12,500 அடி உயரத்தில் உள்ள டிட்டிகாகா ஏரி 1986-இல் பொங்கிக் கரையோர நிலங்களை மூழ்கடித்தது. மழை பொய்த்தமையால் அதே ஏரி 2023-இல் மிகத் தாழ்ந்த மட்டத்துக்கு இறங்கியது. படகுத்துறைகள் சேற்றில் நின்றன. எனினும் டிட்டிகாகா மிக ஆழமானது, ஆகையால் பிழைத்திருக்கிறது. அதன் உபரி சென்று சேரும் பூப்போ ஏரியோ பத்தடிகூட ஆழமில்லாதது. மழைக் குறைவும், வெப்பமும், மேலே விவசாயத்துக்கும் சுரங்கங்களுக்கும் நீரைத் திருப்பிக்கொண்டதும் ஒன்றுசேர, 2015 டிசம்பரில் அது முற்றிலும் வற்றிற்று. அதை நம்பியிருந்த மீனவர் ஊரைவிட்டு வெளியேறினர். ஒரே மலைத்தொடர், இரண்டுக்கும் வறட்சி. ஆழமுள்ள ஏரி நின்றது, ஆழமற்ற ஏரி அழிந்தது. நம்மவர் மனத்தில் பதியவேண்டிய பாடம் இதுவே.

நம் வட்டாரத்துக் கணக்கு

செங்கற்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களின் ஏரிகளுக்குப் பனிவரவு இல்லை. வடகிழக்குப் பருவமழையே பெருவரவு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சேர்வதை வைத்துக்கொண்டு அடுத்த மழைவரைக்கும் காலந்தள்ளவேண்டும். இந்த வரவே இப்போது ஒழுங்கு தவறி வருகிறது. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் அது தாங்கும் நீராவி ஏறக்குறைய 7 சதவீதம் கூடுகிறது. ஆகவே, பெய்யும் நாளில் ஒரேயடியாகக் கொட்டும் மழைக்கு வலு அதிகரிக்கிறது. பெய்யாத நாளில் நிலம் விரைந்து உலர்கிறது.

ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரியைப் பெறும் செம்பரம்பாக்கம் ஏரியை நோக்குங்கள். அதன் முழு ஆழம் 24 அடி; கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் முதல் நாளில் பெய்த பெருமழையில் அதிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரையில் திறந்துவிட நேர்ந்தது, அடையாற்றங்கரை மூழ்கிற்று. நான்கு ஆண்டுகள் நிறைவதற்குள், 2019 கோடையில், அதே ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. வெள்ளமும் வறட்சியும் ஒரே ஏட்டின் இரு பக்கங்கள் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

மழை மட்டுமே இதற்குப் பொறுப்பன்று. தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் பெருகிய இவ்வட்டாரத்தில் கூரையிலும் சாலையிலும் விழும் மழை மண்ணில் இறங்காமல் விரைந்து ஓடுகிறது. வரத்துக்கால் திறந்திருந்தால் ஏரிக்குத் திடீர் வெள்ளமாக வருகிறது; அடைபட்டிருந்தால் ஏரிக்கு வராமலே தெருவில் தேங்குகிறது. தொழிற்சாலை நம் பிள்ளைகளுக்கு வேலை தருவது உண்மை. அதன் பொருட்டு ஏரியின் வரவுவழி அடைபடவேண்டும் என்பது அவசியமில்லை.

செலவுப் பக்கத்தையும் கணக்கிடுவோம். கோடையில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று கொண்டால், நூறு நாட்களில் 60 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டடி நீர் போய்விடும். 100 ஏக்கர் பரப்புள்ள ஏரியில் இது 200 ஏக்கர்-அடி. நெல்லுக்கு ஏக்கருக்கு நான்கடி நீர் தேவை எனின், 50 ஏக்கர் நெல்லுக்கு வேண்டிய நீர் ஒருவரும் மதகைத் தொடாமலே மறைந்துவிடுகிறது. அந்த ஏரியில் ஆறடி நீர் நின்றால் இழப்பு மூன்றில் ஒரு பங்கு. வண்டல் மேவி மூன்றடியே நின்றால் இழப்பு மூன்றில் இரண்டு பங்கு. பூப்போ ஏரிக்கு நேர்ந்தது நம் ஏரிகளுக்கும் நேராமல் காப்பது ஆழமே.

இதில் விவசாயிக்கும் நெசவாளருக்கும் நலன் ஒன்றே. தை மாதத்து ஏரி இருப்பை நம்பி நவரை நட்டவர், பங்குனியில் நீர் போதாமல் பயிர் கருகினால், வாங்கிய கடனைத் திருப்ப வழியின்றித் தவிப்பார், சங்கமும் தவிக்கும். ஏரி வற்றினால் அதன் கசிவால் ஊறும் கிணறுகளும் வற்றும். சாயத்துறையும் கஞ்சித்தொட்டியும் விலைகொடுத்து நீர் வாங்கவேண்டிவரும்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, ஒவ்வோர் ஏரியிலும் மதகருகே அடிக்கணக்குக் குறித்த அளவுகல் ஒன்று தெளிவாக இருக்கவேண்டும். சங்கத்தில் ஒரு மழைமானியும் ஒரு குறிப்பேடும் வைத்து, வாரந்தோறும் மட்டத்தையும், மழைநாளில் மழையளவையும் எழுதிவரவேண்டும். சில ஆண்டுகளில் அந்த ஏடே நம் ஏரியின் இயல்பைச் சொல்லிவிடும்.

இரண்டாவதாக, புரட்டாசி முடிவதற்குள் வரத்துக்கால்களையும் கலங்கலையும் ஊரார் கூடிப் பார்வையிடவேண்டும். 2000-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பாசன முறைகள் விவசாயிகள் மேலாண்மைச் சட்டத்தில் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு இடமுண்டு. 2017-இல் அரசு குடிமராமத்துப் பணிகளைப் புதுப்பித்துத் தொடங்கியதும் அங்கத்தினர் அறிந்ததே. அடைப்போ ஆக்கிரமிப்போ காணப்பட்டால் அச்சங்கத்தின் வாயிலாக எழுத்து மூலம் தெரிவிப்பது நலம்.

மூன்றாவதாக, தூர் எடுக்கும்போது ஏரி முழுவதையும் மேலாகச் சுரண்டுவதைவிட, மதகை அடுத்த பகுதியை முறையாக ஆழப்படுத்துவது நீரை அதிக நாள் காக்கும்.

நான்காவதாக, தை மாதத்தில் ஏரி இருப்பை அளந்து, ஆவியாகும் இரண்டடியைக் கழித்துக்கொண்டு, எஞ்சிய நீருக்கு எத்தனை ஏக்கர் நவரை தாங்கும் என்று கூட்டத்தில் தீர்மானித்த பின்னரே பயிர்க்கடன் மனுக்களை எழுதவேண்டும். நீர் குறைந்த ஆண்டில் நெல்லைச் சுருக்கி உளுந்தும் எள்ளும் விதைப்பது நஷ்டத்தைத் தடுக்கும்.

மழையை நிர்ணயிக்கும் ஆற்றல் நமக்கில்லை. பெய்ததைச் சரியாக வரவு வைப்பதும், இருப்பறிந்து செலவு செய்வதும் நம் கையில் உள்ளன. வருகின்ற பொதுக்கூட்டத்தில் வரவுசெலவு அறிக்கை படிக்கும்போது, ஏரியின் இருப்பையும் ஓர் இனமாகச் சேர்த்துப் படிக்க ஏற்பாடு செய்வோமாக.