விண்ணில் சரியான கண், தரையில் பிசகிய கணக்கு

1991 வளைகுடாப் போரை முதல் விண்வெளிப் போர் என்று பலர் குறிப்பிடுகிறார்கள். ஆனால் அந்தப் போரில் செயற்கைக்கோள்களின் பயனைத் தீர்மானித்தவை தரையில் இருந்த கருவிகளே. சோவியத் ஏவுகணைகளைக் கண்காணிக்க அமெரிக்கா நிறுத்தியிருந்த அகச்சிவப்புச் செயற்கைக்கோள்கள், ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணைகளின் வெப்பத்தையும் கண்டுகொண்டன. சில நிமிட முன்னெச்சரிக்கை கிடைத்தது. போர்க்களத்தில் அது பெரிய கொடை. அப்படியிருந்தும் பிப்ரவரி 25 அன்று, சவூதி அரேபியாவின் தாரானில் படைவீரர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் ஒரு ஸ்கட் விழுந்து 28 அமெரிக்க வீரர்கள் மாண்டார்கள். அதைத் தடுத்திருக்க வேண்டிய பேட்ரியாட் ஏவுகணை எதிர்ப்புத் தளத்தின் கணினி, 100 மணி நேரத்துக்கும் மேல் நிறுத்தாமல் இயங்கியதில் நேரக் கணக்கில் ஏறத்தாழ ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு பிசகியிருந்தது. நொடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் பாயும் ஏவுகணையை அது தவறான இடத்தில் தேடியது. திருத்திய மென்பொருள் தாரான் வந்து சேர்ந்ததோ மறுநாள்!

ஒரேயொரு பிழையை வைத்து இப்படி முடிவு கட்டலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வெற்றியின் பக்கமும் இதே கதைதான். அடையாளமற்ற பாலைவனத்தில் படைகளுக்கு வழிகாட்டியது ஜிபிஎஸ். ராணுவக் கருவிகள் போதாமல், பொதுமக்களுக்கான கருவிகளை அவசரமாக வாங்கிக் கொடுத்தார்கள். அவற்றுக்குத் துல்லியம் கிடைக்க, செயற்கைக்கோள் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்காவே போர்க்காலத்தில் நிறுத்திவைத்தது.